அது மடி இல்லை, அனு

மயிலாப்பூர்,
அக்டோபர் 12

சௌபாக்கியவதி அனுப்ரியாவுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளை ஆண்டனியும் குழந்தை நிரஞ்சனும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நானும் உன் அம்மாவும் ஒரு மாதிரி சௌக்கியம், அந்த ஒரு மாதிரியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறாய், உங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமையும் மீட்டிங் நடக்கிறது போலிருக்கிறது. லஸ் பக்கம் மெட்ரோ வேலை முடிகிற பாடில்லை, என் முழங்கால் வலியும் அப்படியே. கிறிஸ்துமஸுக்கு நீங்கள் சாந்தோமில் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவதாகக் கேள்விப்பட்டேன். குழந்தையோடு நம் வீட்டுக்கும் நீ வர வேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். வருவதா வேண்டாமா என்பதை இதை முழுக்கப் படித்த பிறகு முடிவு செய்.

ஜனவரியில் நடந்ததை நான் மறக்கவில்லை. எட்டு மாதக் குழந்தை கூடத்தில் தவழ்ந்து போய் அம்மாவின் புடவையைப் பிடித்தான், அவள் நெருப்புப் பட்ட மாதிரி பின்னால் போய்க் குழாயைத் திறந்தாள், அரைமணி நேரம் மூடவில்லை. "ஆண்டனி பிள்ளைன்னுதானேப்பா தொட மாட்டேங்கறா?" என்று என்னைக் கேட்டாய். உண்மையைச் சொல்கிறேன், நானும் அப்படித்தான் நினைத்தேன். உன் கல்யாணத்துக்கு மனசாரச் சம்மதித்தவள், பேரன் என்று வந்ததும் பழைய ஆசாரம் தலைகாட்டுகிறது என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். நீ ஆட்டோ பிடித்து சாந்தோம் போனவள், பத்து நாள் கழித்து அங்கிருந்தே ஊருக்குப் போய்விட்டாய்.

உன் அம்மாவின் மடி ஆசாரம், அந்தச் சுத்தம், ஊரறிந்தது. அடுத்த தெருவில் ச்ராத்தம் என்றால்கூட பட்சணத்துக்கு ஸ்வர்ணலதா மாமியைக் கூப்பிடுங்கோ, அவ கை பட்டா அப்பழுக்கு இருக்காது என்பார்கள், எனக்கும் அதில் பெருமைதான். கொரோனா வந்தபோது ஊரே கையை அலம்பியது, ஊர் நிறுத்திய பிறகும் இவள் நிறுத்தவில்லை. கறிகாய்க்கு சோப்பு, நான் பாங்குக்குப் போய்வந்தால் நேரே குளியலறை, சில்லறையை வாளித் தண்ணீரில் போட வேண்டும், அலம்பின கையால் குழாயைத் தொடக் கூடாது என்பதால் அதை மூடுவது என் வேலை, நன்னா அலம்பிட்டேனா என்று அவள் கேட்டால் ஆச்சு ஆச்சு என்று சாட்சி சொல்வதும் என் வேலை. ஃப்ளாட் செயலாளர் வந்து தொட்டித் தண்ணீர் உங்கள் ஒரு வீட்டுக்கே போதவில்லையே சார் என்றார், ஆசாரம் தெரியாத மனுஷன் என்று திட்டி அனுப்பினேன். வடிகட்டின அசடு நான்.

இப்போது நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவள் தேசம்மா, நொச்சிக்குப்பத்துக்காரி. ஆடி மாதம் ஒரு நாள் அம்மா பிசைந்த மாவில் சிவப்பாக என்னவோ தெரிந்தது, பார்த்தால் அவள் விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம். தேசம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா, இது சுத்தம் இல்ல, சீக்கு. எங்க வூட்டாண்ட ஒருத்தரு இப்டிதான், பூட்டுன பூட்ட இஸ்த்து இஸ்த்துப் பாத்துக்கினே இருந்தாரு. டாக்டராண்ட காட்டி இப்ப நல்லா கீறாரு" என்றாள். பாத்திரம் தேய்க்கிறவள் எனக்கு மடி சொல்லித்தருகிறாளா என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. தோல் டாக்டரிடம்தான் கூட்டிப்போனேன். இரண்டு தடவை களிம்பு கொடுத்தார், மூன்றாவது தடவை, ஒரு நாளைக்கு எத்தனை முறை அலம்புகிறீர்கள் அம்மா என்று கேட்டார். எண்ணறதில்லை என்று இவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர்தான் அடையாறில் ஒரு மனநல டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

அங்கே குடையை முகத்துக்குத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நுழைந்தேன், வெயிலுக்கு என்று வைத்துக்கொள். உள்ளே பார்த்தால் என்னோடு ஆபீஸில் இருந்த ஒருவர். பிரஷர் பார்க்க வந்தேன் என்றார், நானும் பிரஷர்தான் என்றேன். முகத்தை முகம் பார்க்க முடியாமல் இரண்டு பேரும் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தோம். வாரக்கணக்கில் எதிலுமே பிடிப்பில்லாமல் போனால் அது மனச்சோர்வு, இல்லாத குரல் காதில் கேட்டால் மனச்சிதைவாக இருக்கலாம், சில காலம் தூக்கமே வேண்டாத உற்சாகமும் சில காலம் எழுந்திருக்க முடியாத சோர்வுமாக வந்தால் இருதுருவ நோய், பதற்ற நோய் வேறு, ஓ.சி.டி. என்கிற எண்ணச் சுழற்சி நோய் வேறு. இத்தனைக்கும் நான் இதுவரை பைத்தியம் என்ற ஒரே பேரை வைத்திருந்தேன். ஜுரத்தையும் சர்க்கரையையும் எலும்பு முறிவையும் ஒரே பேரால் கூப்பிடுகிற மாதிரி.

டாக்டர் மஹ்விஷ் என்று பெயர், உன் வயசுதான் இருக்கும். அலம்பாவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள் என்று அம்மாவைக் கேட்டார். மடி போய்விடும் என்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் அழுதாள், அனு. "என் கையில ஏதோ இருக்கு டாக்டர், நான் தொட்டா குழந்தைக்கு ஏதாவது ஆயிடும். அனு பொறந்ததுலேருந்து இப்படித்தான். பேரன் என் புடவையைப் பிடிச்சானே, அவனுக்கு ஜுரம் வந்துடுமோன்னு பத்து நாள் நான் தூங்கலை" என்றாள். கேட்டாயா. உன் குழந்தை அழுக்கு என்று அவள் நினைக்கவே இல்லை, தன்னை நினைத்துத்தான் பயந்திருக்கிறாள். அர்த்தமில்லாத பயம் என்று அவளுக்கே தெரியுமாம், நிறுத்தத்தான் முடியவில்லையாம். முப்பத்தாறு வருஷம் கூட இருந்தவனுக்கு இது தெரியவில்லை. வெளியே வந்து வெட்கமில்லாமல் அழுதேன், அந்தப் பிரஷர்காரர்தான் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

யார் மேல் தப்பு என்று டாக்டரைக் கேட்டேன். யார் மேலும் இல்லை, இது சுவரில் போட்டிருக்கிற அந்த எண்ணச் சுழற்சி நோய்தான், கொஞ்சம் பரம்பரை, கொஞ்சம் மூளை வேலை செய்கிற விதம், பிரசவம் மாதிரி உடம்பும் மனசும் ஆடிப்போகிற சமயத்தில் கிளம்பும், கொரோனா மாதிரி பயத்தில் பெருகும், ஒரே காரணம் என்று விரல் நீட்ட முடியாது என்றார். பயம் வரும், அலம்பினால் அடங்கும், அடங்கின ருசியிலேயே அடுத்த பயம் சீக்கிரம் வரும், நான் குழாய் மூடினதும் சாட்சி சொன்னதும் அதற்குத் தீனி போட்டதாம். மாத்திரை தருகிறார்கள், அது கேட்கவே இரண்டு மூன்று மாதம் ஆகும், நன்றாகிவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது. அதோடு பயிற்சி. பயப்படுகிற காரியங்களைச் சின்னதிலிருந்து பெரிசுவரை பத்து வரி எழுதி, ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு அலம்பாமல் பொறுத்திருக்க வேண்டும். முதல் வரி வாசல் கதவுப் பிடி. நாற்பது நிமிஷம் வியர்த்துக் கொட்ட உட்கார்ந்துகொண்டு, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்கோ என்று என்னைக் கெஞ்சினாள், சொல்லக் கூடாது என்று டாக்டர் உத்தரவு, நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இப்போது ஆறாவது வரியில் இருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை எல்லாம் பழையபடி ஆகி ஒரு மணி நேரம் அலம்பினாள், அப்படியும் ஆகும், பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். விரல் புண் ஆறி வருகிறது. பத்தாவது வரியில் நிரஞ்சன் என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.

நீ யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். மாப்பிள்ளையிடம் நான்தான் கேட்க வேண்டும், அன்றைக்கு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றதற்கு. இதை அவருக்கும் படித்துக் காட்டு. உனக்கும் ஒன்று சொல்கிறேன், இந்த மாதிரி பயம் எப்போதாவது உன்னைப் பிடித்தால் அம்மாவைப் போல மறைக்காதே, டாக்டரிடம் போ. வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ கபாலீஸ்வரர் துணை இருக்கட்டும்.

அவள் விஷயத்தை அவளைக் கேட்காமல் அனுப்பக் கூடாது என்று இதைப் படிக்கக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள், ஒன்றையும் அடிக்கச் சொல்லவில்லை. சேர்த்து எழுதச் சொன்னது இதுதான்: "குழந்தையைக் குளிப்பாட்டி அழைச்சுண்டு வர வேண்டாம்னு எழுதுங்கோ. ஏர்போர்ட்லேருந்து வந்த கோலத்தோட என் கையில குடுக்கட்டும்."

இப்படிக்கு,
உன் அப்பா
மகாலிங்கம்