இரண்டாவது குடிலின் நாற்றுகள்

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தம்பி, நான் மூவரும் உடம்புக்குச் சுகம். நீயும் சளி குறைந்து, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தாயிற்று, இனி திட்டப் போகிறேன். போனில் ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

உன் ஆராய்ச்சிக்கு நிதி கேட்கும் விண்ணப்பத்தை அனுப்பி, "மொழியை மட்டும் பாரும்மா, விஷயத்துல கை வைக்காதே" என்றாய். எங்கள் நிறுவனத்தின் திருத்தும் பிரிவுக்கு வருகிற ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் சொல்வதுதான். சொந்தக்காரர் எழுதியதை அலுவலகத்தில் தொடக்கூடாது என்பதால், விடுமுறை நாளில் அப்பாவை முடிவெட்டிக்கொள்ள அனுப்பிவிட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்தேன். உப்புத் தண்ணீரிலும் தக்காளி நாற்று வாடாமலிருக்க வேரில் பாக்டீரியா பூசுகிற உன் யோசனையை எவ்வளவு தெளிவாக எழுதியிருந்தாய், படிக்கப் படிக்கப் பெருமையாக இருந்தது. சுருக்கத்தைச் சீர்செய்தேன், பின்னால் ஒளிந்திருந்த நோக்கத்தை முன்னால் கொண்டுவந்தேன். முடிவுகள் பகுதிக்கு வந்ததும், "கருத்தில் கொள்ளத்தக்க நாற்றுகளுள் பெரும்பான்மையானவை உயிர்பிழைத்த நிலை காணப்பட்டது" என்று ஒரு வாக்கியம். அதுவரை நேராக நடந்தவள் அங்கே மட்டும் ஏன் நொண்டுகிறாய்? இந்த வேலையில் தலை நரைத்தவள் நான். நன்றாக எழுதுகிறவர் திடீரென்று சுற்றி வளைத்தால் எதையோ மறைக்கிறார் என்று எனக்குத் தெரியும். அப்போதுதான் நினைவு வந்தது. மழைக்காலத்தில் ஒரு நாள், இரண்டாவது பசுமைக்குடிலில் இருந்த நாற்று மொத்தமும் கருகிவிட்டது என்று போனில் தேம்பித் தேம்பி அழுதாயே, கேட்டுக்கொண்டே நின்றதில் பால் பொங்கி அடுப்பே அணைந்துபோனது. தண்ணீர் விடுகிற இயந்திரம் கெட்டுவிட்டதா என்று கேட்டதற்கு, "மெஷினெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு, ஏன்னுதான் தெரியல" என்றாய்.

விண்ணப்பத்தில் அந்தக் குடிலே இல்லை. கூப்பிட்டுக் கேட்டால், "எங்க ஆய்வகத் தலைவர் அதைச் சேர்க்க வேண்டாங்கிறார், மெஷின் கோளாறுன்னு விட்டுடலாமாம், எல்லாரும் செய்றதுதாம்மா, அந்த வரியை மட்டும் கொஞ்சம் வழுவழுன்னு ஆக்கிக் குடு" என்கிறாய். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. மொழி பார்க்கவா கூப்பிட்டாய்? விரிசல் தெரியாமல் பூச்சு பூசிக்கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறாய், அதுவும் பெற்றவளை!

இந்த லட்சணத்தில் அப்பா பாதித் தலையை மொட்டையாக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தார். முடிவெட்டுகிறவரிடம் உன் புராணம் முழுவதும் பாடியிருக்கிறார். அவருக்குக் கடலோரத்தில் கொஞ்சம் நிலம், உப்பேறிப் போனது. "பாப்பா கண்டுபிடிச்ச நாத்து வரட்டும்னு இந்தத் தடவை வேற எதுவுமே போடாம வெச்சிருக்கேன்" என்றாராம். இவர், கொஞ்சம் பொறுங்கள், வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். அப்பாவுக்கும் விழுந்தது திட்டு, இப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். உன் கடைசிப் பக்கத்தைத் திரும்பப் படித்துப் பார், முதல் நடவு இப்படிப்பட்ட சிறு விவசாயிகளின் நிலத்தில்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய். அங்கேயும் கருகினால் அந்த முடிவெட்டுகிறவர் யாருக்குப் போன் செய்து அழுவார்? உன் தலைவர் நழுவிவிடுவார், பழி உன் தலையில்தான் விடியும்.

விண்ணப்பிக்காதே என்று சொல்லவில்லை. இரண்டாவது குடிலில் எல்லாம் செத்துவிட்டன, காரணம் தெரியவில்லை, அதைக் கண்டுபிடிக்கவும்தான் நிதி கேட்கிறோம் என்று எழுது. கிடைக்கும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. தலைவர் முகம் சுளிப்பார், வேலைகூடப் போகலாம். போனால் வீட்டுக்கு வா, உன் அறையில் தம்பி காலணி காயப்போட்டிருக்கிறான், எடுக்கச் சொல்கிறேன்.

திருத்திய விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். எல்லா வரியும் பார்த்தாயிற்று, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நொண்டியபடியே விட்டிருக்கிறேன். ஓரத்தில், யாருடையதாக இருந்தாலும் கேட்பதுபோல, "இரண்டாவது குடிலின் நாற்றுகள் எங்கே?" என்று கேட்டிருக்கிறேன். பதில் எழுதினால் விடுப்புப் போட்டு உன்னோடு உட்கார்ந்து முழுவதையும் சரிசெய்து தருகிறேன். கேள்வியை அழித்துவிட்டு அனுப்புவதானால், முடிவில் நன்றி சொல்லியிருக்கிறாயே, அதில் என் பெயரையும் அழித்துவிடு.

வெந்நீர் குடி, ஈரத் தலையோடு வெளியே போகாதே. வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்பதை மறக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு கத்தலும். இன்று காலை முடிவெட்டும் கடைக்கு நானே போய், நாற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம், வழக்கமாகப் போடுவதைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் என்று கேட்டார். என் மகள் சொல்லுவாள் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னும் கோபம் தணியாத,
உன் அம்மா