அரளியா, நந்தியாவட்டையா

ஆவணி இரண்டாம் ஞாயிறு, இரவு.

நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போவது பிலிப்பைன்ஸுக்கா, நியூசிலாந்துக்கா என்று ஒரு மாதமாக வீட்டில் இழுபறி. "பிலிப்பைன்ஸ்தான் கிட்டக்க இருக்கு, அங்கயே போடி" என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். எனக்கு எது பிடிக்கும் என்று நான் வாயே திறக்கவில்லை.

கடைசியில் இன்று காலை வரிச்சிக்குடிப் பிள்ளையார் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளை நந்தியாவட்டை வந்தால் பிலிப்பைன்ஸ், சிவப்பு அரளி வந்தால் நியூசிலாந்து. அம்மாதான் இலையில் மடித்து இரண்டு பொட்டலமாகச் சாமி முன்னால் வைத்தாள். நான் எடுத்ததில் சிவப்பு. "சரி, சாமியே சொல்லிருச்சு" என்றாள். சந்தோஷத்தை மறைப்பதற்குள் எனக்குப் பெரும்பாடாகிவிட்டது.

எடுக்காத பொட்டலத்தை அவள் ஸ்கூட்டர் பெட்டியில் போட்டிருந்தாள். சாயங்காலம் வண்டி துடைக்கும்போது பிரித்துப் பார்த்தேன். அதிலும் சிவப்பு அரளி. நியூசிலாந்துப் பள்ளி வீடியோவை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறாள், கள்ளி. பழையபடியே மடித்து வைத்துவிட்டேன்.

இப்போது அடுத்த அறையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சித்தியிடம் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "கிட்டக்க அனுப்பணும்னுதான்டி பாத்தேன். பிள்ளையார் உத்தரவு, நான் என்ன பண்றது?"