நாற்பத்து நான்காவது தண்டால்

யேசு மரி சூசை

ஞாயிறு பின்னேரம்

அன்பு மகன் றொபிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் அக்காவும் எழும்பி நடமாடுகிறோம், அதைச் சுகம் என்று வைத்துக்கொள். அங்கே குளிரிலும் வேலையிலும் உன்னை ஒரு குறையும் அண்டாமல் பார்க்கச் சொல்லித் தலவிலக் கோயில் அன்னம்மாளிடம் தினமும் கேட்கிறோம். போன் இருக்கிற காலத்தில் இந்த மனிசன் ஏன் கடதாசி எடுத்தார் என்று யோசிப்பாய். போனில் நீ அவசரத்தில் இருப்பாய், நானும் சொல்ல வந்ததில் முக்கால்வாசியை விழுங்கிவிடுவேன். நீ கேட்ட கடிதத்தையும் எப்படியும் தபாலில் அனுப்பத்தானே வேண்டும், அதோடு இதையும் வைக்கிறேன். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, மூன்று கிழமையாகக் கடல் கலங்கிக் கிடக்கிறது, கரைவலை வளைக்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வற்றவில்லை. வியாழக்கிழமை சிலாபம் ஆஸ்பத்திரிக்குப் போய் மத்தியானம் வரை வாங்குப் பலகையில் இருந்துவிட்டு அதே வலிக் குளிசையோடு திரும்பி வந்தோம். அக்கா ஜெசிக்கா இறால் பண்ணைக் கந்தோரில் வேலைக்குப் போய் வருகிறாள், வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் கதிரையில் சாய்ந்துவிடுகிறாள். எங்கள் வீட்டில் இப்போது எல்லோருக்கும் களைப்புத்தான். உனக்கும் அப்படித்தான் என்று உன் குரலில் தெரிகிறது.

நீ அனுப்பிய வீடியோ ஒவ்வொன்றையும் அக்காவின் போனில் பத்துத் தரமாவது பார்த்திருப்பேன். அந்த லண்டன் பட்டாளத்தில் எடுபட வேண்டுமென்றால் இரண்டு நிமிசத்தில் அறுபது தண்டால் என்றாய், எண்ணுகிற ஆள் கீழே வைத்திருக்கிற கைமுட்டியில் நெஞ்சு பட வேண்டும், மேலே வரும்போது முழங்கை நிமிர வேண்டும், இல்லாவிட்டால் அதைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள் என்றாய். பிறகு கம்பியில் தொங்கி, ஆடாமல், நாடி கம்பிக்கு மேலே வர வேண்டும். கம்பி உனக்குப் பெரிய விசயமில்லை, பதினெட்டுத் தரம் ஏறுகிறாய். அது கரைவலைக் கயிறு தந்த முதுகு. ஆனால் கயிறு இழுக்கத்தான் பழக்கும், தள்ளப் பழக்காது. ஊரில் வலை இழுத்த பெடியன்கள் எல்லோரும் இதில்தான் தடக்குப்படுகிறார்கள், போன வருசம் நேவிக்குப் போன எங்கள் பக்கத்து இரண்டு பேரும் தண்டாலில்தான் திரும்பி வந்தார்கள். நான் எவ்வளவு மடையன் பார், நீ லண்டனுக்குப் போன புதிதில் உடம்பைத் தேற்ற என்ன செய்ய என்று கேட்டபோது ஏதாவது கயிற்றைக் கட்டி இழு என்றுதான் சொல்லித் தந்தேன். இந்தத் தண்டால் எப்படி இருக்கும் என்று பார்க்க நானும் போன கிழமை மீன் வாடிக்குப் பின்னால் மணலில் கையை ஊன்றிப் பார்த்தேன். மூன்று வந்தது. நாலாவதில் முகம் மணலில் போய்விட்டது. அம்மா கண்டுவிட்டு எனக்கு மயக்கம் வந்துவிட்டதென்று தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தா, முழங்கால் வீக்கத்தோடு. அன்று முழுக்க எனக்கு ஏச்சு.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். சின்ன வயதில் உனக்கு எலும்பு முறிவோ மூட்டு விலகலோ ஒன்றும் இருக்கவில்லை என்று தகப்பன் எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும், ஊரில் வைத்தியப் பதிவு இல்லாதபடியால் அங்கே அதை ஏற்றுக்கொள்வார்கள் என்றாய். விசா முடிய நாலு மாதம்தான் இருக்கிறது, இது தவறினால் பெட்டியைக் கட்ட வேண்டும் என்றும் சொன்னாய். உன் அம்மாவுக்குப் பட்டாளம் என்ற சொல்லே பிடிக்காது, யுத்த காலத்தில் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து இறங்கின சனத்துக்குச் சோறு போட்டவ. அவ கூட இப்போது உனக்காக ஒன்பது நாள் செபம் பிடிக்கிறா. நான் கையெழுத்து வைக்கத்தான் இருந்தேன், பேனையையும் எடுத்தேன். அதற்கு முதல் முறிவு வைத்தியர் மர்ஸூக் நானாவிடம் ஒரு தரம் கேட்போம் என்று போனேன், அன்று உன் தோளை வைத்துக் கட்டினவர் அவர்தானே. ஆள் நன்றாகத் தளர்ந்துவிட்டார், ஆனால் கையில் ஞாபகம் இருக்கிறது. போனை வாங்கி உன் வீடியோவைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். முப்பதுக்குப் பிறகு வலது தோள் இடதை விட ஒரு விரல் முந்தி எழும்புகிறது என்று எனக்குக் காட்டினார். எனக்கு அது முன்னமே தெரியும் மகன். நாற்பத்து மூன்றாவதோடு நீ நிறுத்திவிட்டுக் கமராவைப் பார்த்துச் சிரிக்கிறாய், மூச்சு வாங்கவே இல்லை, பிறகு ஏன் நிறுத்தினாய் என்று அங்கே ஒருவருக்கும் விளங்கியிருக்காது. மர்ஸூக் நானா போனைத் திருப்பித் தந்துவிட்டு, அன்டைக்கே சொன்னேனே இன்னாசி, ஆறு மாசத்துக்குப் புள்ளயக் கயித்தத் தொட உட வாணான்டு, எத்தின நாள் வெச்சிருந்தீங்க என்று கேட்டார்.

உனக்கு அப்போது பதினாலு வயது. மார்கழி மாதம், நத்தார்ப் பூசைக்கு ஒரு கிழமை இருந்தது. பாரை மீன் கூட்டம் ஒன்றை வளைத்திருந்தோம், வலையின் மடி பாதி வந்தபோது நீரோட்டம் வடக்கே பிடித்து இழுத்தது, கயிற்றில் இரண்டு ஆள் குறைவு. உன்னை முன்னுக்கு விட்டவன் நான். நீ இரண்டு தரம் சொன்னாய், அப்பா, தோள் ஒரு மாதிரி இருக்கு என்று. நான் கதையாம இழு என்றேன். அடுத்த அலைக்குக் கயிறு வெட்டி இழுத்ததில் உன் கை கழன்று தொங்கியது. நீ அழவும் இல்லை, மற்ற ஆட்கள் பார்க்கிறார்கள் என்று வாயைக் கடித்துக்கொண்டு நின்றாய். மோட்டார் சைக்கிளில் வைத்து நேரே மர்ஸூக் நானாவிடம் கொண்டு போனேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி நடந்தது என்று கேட்பார்கள், எழுதுவார்கள், பள்ளிக்கூடப் பிள்ளையை ஏன் வலையில் விட்டாய் என்பார்கள். எங்கள் கரையில் எல்லோரும் செய்கிறதுதான், முறிவுக்கு எண்ணெய்ப் பற்றும் கட்டும், ஒரு துண்டுக் கடதாசி இருக்காது. வருகிற வழியில், கோயில் மதிலில் நட்சத்திரக்கூடு கட்ட ஏறி விழுந்தாய் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னேன். நீ அப்படியே சொன்னாய், ஒரு எழுத்துப் பிசகாமல். அம்மா ஒரு கிழமை உன்னை ஏசினா, குரங்குச் சேட்டை என்று, நத்தாருக்குப் புது உடுப்பும் போட விடவில்லை. நீ என்னைப் பார்த்துக்கொண்டே வாங்கிக்கொண்டு இருந்தாய். அதோடு விட்டேனா, ஆறு மாதம் என்றதை ஆறு கிழமை ஆக்கினேன். தபசு காலம் தொடங்க முன்னமே உன்னைத் திரும்பக் கயிற்றில் விட்டேன். கட்டு அவிழ்த்த தோள் வெளுத்துப் போய் இருந்தது, நீ வெயிலில் மேல் உடுப்பைக் கழற்றமாட்டேன் என்றாய்.

உனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று நான் எழுதினால், நான் செய்ததும் நடக்கவில்லை என்று ஆகிவிடும். எனக்கு அது வசதிதான். பன்னிரண்டு வருசமாக அந்த வசதியில்தான் இருந்தேன். உனக்குப் பொய் சொல்லப் பழக்கினவன் நான், இன்று நீ என்னிடம் கேட்கிறதும் அதே மதில் கதைதான், உன்னை எப்படிக் குறை சொல்ல. ஆனால் அந்தப் பட்டாளத்தில் உன் கயிற்றில் இன்னொருவன் தொங்குவான் மகன். அன்று உன் கை கழன்றபோது எங்களுக்கு மீன்தான் போனது. அதை யோசித்து மூன்று இரவு நித்திரை இல்லை. முந்தநாள் பத்து மணிக்கு அம்மா மீன் வெட்டிக்கொண்டு இருக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்தியைக் கழுவி வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டா. பிறகு வந்து, அந்த மதில் கதைய நம்பி பிள்ளைய ஏசினேனே, புது உடுப்பையும் அலுமாரிக்குள்ள வெச்சுப் பூட்டினேனே என்று மட்டும் சொன்னா. அதற்குப் பிறகு என்னோடு கதை இல்லை, தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போகிறா. உன்னிடம் மன்னிப்புக் கேட்டதாக எழுதச் சொல்லி அக்காவிடம் சொல்லி அனுப்பினா. நான் எனக்காகவும் கேட்கிறேன், அது யாரும் சொல்லி அல்ல.

இதோடு இருக்கிற மற்றக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன், எந்த வயதில், எந்தத் தோள், யார் கட்டினது, எத்தனை கிழமையில் திரும்ப வேலைக்கு விட்டது என்று. அக்கா இங்கிலீசில் எழுதித் தந்தாள், எழுதும்போது அவளும் அழுதாள், கீழே நான் கையெழுத்து வைத்தேன். உறையை ஒட்டவில்லை. கொடுக்கிறதும் கிழிக்கிறதும் உன் கையில், கிழித்தாலும் உன்னோடு கோபிக்கமாட்டேன். ஒன்றும் நடக்கவில்லை என்ற கடிதத்தை மட்டும் என்னால் எழுத முடியாது. மர்ஸூக் நானா சொல்கிறார், அங்கே படம் எடுத்துப் பார்த்தால் மூட்டு நன்றாக இருந்தாலும் இருக்கும், பன்னிரண்டு வருசம் திரும்பக் கழலவில்லைத்தானே, மறைக்காமல் டாக்டரிடம் காட்டட்டும் என்று. அதுவரை கம்பியில் கையை முழுக்கத் தளர விட்டுத் தொங்காதே, தண்டாலைச் சுவரில் கை வைத்துத் தொடங்கி, பிறகு வாங்கில், பிறகு தரையில் என்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கு, எண்ணிக்கைக்கு ஓடாதே. எடுபடாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வா. ஊர் நாலு நாள் கதைக்கும், பிறகு விட்டுவிடும். உன் கட்டிலில் இப்போதும் ஒன்றும் வைக்கவில்லை.

அன்னம்மாளின் ஆசீரும், கதையாவிட்டாலும் எனக்குப் பக்கத்தில் இருந்து செபமாலை சொல்கிற உன் அம்மாவின் ஆசீரும் உன்னோடு இருக்கட்டும். ஞாயிறு பூசையை விடாதே. இதோடு வருகிற பார்சலில் மர்ஸூக் நானா தந்த எண்ணெய்ப் போத்தல் இருக்கிறது, மூடியை மெழுகு வைத்து அடைத்திருக்கிறேன், இளஞ்சூட்டில் பூசு. கடைசியாக ஒன்று. அன்று கரையில் உன்னிடம் கேட்டிருக்க வேண்டியதை இன்றைக்கு வரை நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், சிரிக்காமல் பதில் எழுது. தோள் வலிக்கிறதா மகன்?

உன் அப்பா
இன்னாசிப்பிள்ளை