கழா நோன்பும் என் சந்தேகமும்

பாலக்கரை,
திருச்சி.

அன்பு மகள் சம்ரீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை ஜமீலும் சுகம் என்கிறாய். மாப்பிள்ளையின் சுகத்தை நம்புகிறேன், உன்னுடையதை நம்பவில்லை. போனில் கேட்கலாம் என்றால், வந்து தங்கியிருக்கும் உன் மாமியார் பக்கத்தில் இருக்கிறாரோ, ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாயோ என்று சந்தேகம். அதனால்தான் துபாய் திரும்பும் பரக்கத் அலியிடம் மணப்பாறை முறுக்கோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். கவர் பிரிந்திருந்தால் எனக்குச் சொல்.

உன் தங்கை மஹ்ஜபீன் மாதாமாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாளே, காலேஜுக்கு மட்டம் போடப் பார்க்கிறாளோ என்று ஸ்ரீரங்கத்து லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஸ்கேன் பார்த்துவிட்டு எண்டோமெட்ரியோசிஸ் என்றார். வேலை முடிந்ததும் தானாகச் செத்துப்போகும்படி ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கட்டளை இருக்கிறதாம். இவளுக்கோ கர்ப்பப்பைச் சவ்வின் சில செல்கள் சாகாமல் வெளியே போய், சினைப்பையிலும் குடலிலும் ஒட்டிக்கொண்டு, அங்கேயே மாதாமாதம் ரத்தம் கசிகின்றனவாம். அப்புறப்படுத்த வரும் காவல் செல்களைக்கூட அவை சாகடித்துவிடுமாம். ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கிறாரோ என்று எனக்கு. செல்லுக்கு யாரம்மா கட்டளை போட்டது என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்து, கருவில் விரல்களெல்லாம் ஒட்டித்தான் இருந்தன, நடுவில் இருந்த செல்கள் செத்ததால்தான் இப்படித் தனித்தனியாகப் பிரிந்தன என்றார். இந்த நோய்க்கு முழுக் காரணம் இன்னும் யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார். தெரியாது என்று சொல்லும் டாக்டரை இப்போதுதான் பார்க்கிறேன். ஆபரேஷன் வேண்டாம், முதலில் மாத்திரையில் பார்ப்போம் என்ற பிறகுதான் கொஞ்சம் நம்பினேன்.

கிளம்பும்போது, அக்கா தங்கை இருவருக்குமே வரலாம், மூத்தவள் எப்படி என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். பஸ் காவிரிப் பாலம் ஏறியதும் மனசு உறுத்தியது. ஹஜ்ஜுப் பெருநாள் போயும் இன்னும் கழா நோன்பு வைக்கிறேன் என்று போன வாரம் பெருமையாகச் சொன்னாயே, அதிலேயே மாட்டிக்கொண்டாய். மாதவிலக்குக்கு விட்ட ஆறேழு நோன்பைத் திருப்பி வைக்க இரண்டு மாதத்துக்கு மேலா ஆகும்? ரமலானில் வலியிலும் ரத்தப்போக்கிலும் எத்தனை நாள் படுத்துக் கிடந்தாய்? கேஸ் ட்ரபுள் என்று சொன்னதெல்லாம் இதுதானா? இந்த நோய் குழந்தை உண்டாவதையும் தடுக்கலாமாம். குழந்தை இல்லை என்ற பேச்சுக்குப் பயந்து மாப்பிள்ளையிடமும் மறைக்கிறாய். உன்னைப் பெற்ற அத்தா, நீயாகக் கற்பனை பண்ணாதே என்கிறார். அவரையும் ஏதோ சொல்லிச் சரிக்கட்டி வைத்திருக்கிறாய்.

டாக்டரிடம் போ. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ, அவரும் காதால் கேட்கட்டும். மாத்திரை சாப்பிடும் நாளில் நோன்பு வைக்காதே. பேரப்பிள்ளை பிறந்தால் சந்தோஷம், பிறக்காவிட்டாலும் எனக்கு நீ வேண்டும் சம்ரீன், எனக்கு நீ முழுசாக வேண்டும். அல்லாஹ் உன் நோயைத் தீர்த்துப் பூரண ஷிஃபாவைத் தரட்டும், உன் வீட்டில் பரக்கத் பொழியட்டும்.

நீ போகமாட்டாய் என்றும் எனக்குச் சந்தேகம். பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன், உன் அத்தாவுக்குத் தெரியாது. நான் அங்கே வந்து இறங்குவதற்குள் டாக்டரைப் பார்த்துவிடு.

துஆவுடன்,
உன் அம்மா
சுராயா