தானே நிற்கும் வண்டி

ஷுப்ரா, கெய்ரோ
நவம்பர் 4

அன்புள்ள நஜ்வாவுக்கு,

நம் மகள் நஹ்லா பிறந்த அன்று உன்னைப் போனில் அழைத்து, புது வண்டியின் நிறத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னது தப்புதான். அதிலிருந்து நீ போனை எடுப்பதில்லை. சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதட்டும் என்று உன் தம்பியிடம் சொல்லியனுப்பினாய். எழுதுகிறேன். வெள்ளை.

நஜ்வா, எதிரே ஆள் வந்தால் அது தானே பார்த்துத் தானே நிற்கிறது! ஸ்டியரிங்குக்கு எதிரே ஓர் ஆரஞ்சு விளக்கு எப்போதும் எரிகிறது. இயந்திரம் விழித்திருக்கிறது என்று அர்த்தம். வேலை நேரத்தில் விழித்திருக்கும் அதிகாரியை இந்த ஊரில் இப்போதுதான் பார்க்கிறேன்.

நேற்று கறிக்கடை பய்யூமி நடுத்தெருவில் கைகட்டி நின்று, "வாடா ஹில்மி, உன் வண்டிக்கு என்னைப் பிடிக்குதான்னு பாப்போம்" என்றான். ஓட்டினேன். அவன் தொப்பைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. காப்பிக்கடையே எழுந்து கைதட்டியது. என் காலும் பிரேக்குக்குப் போனது உண்மைதான். அது வெறும் மரியாதைக்கு.

உன் அம்மா வீட்டில் நாற்பதாம் நாள் முடிந்ததும் வெள்ளிக்கிழமை வந்து உங்கள் இருவரையும் அழைத்துவருகிறேன். வழியெல்லாம் பின்சீட்டில் நஹ்லாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம்.

உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும்
ஹில்மி


தமன்ஹூர்
நவம்பர் 8

அன்புள்ள ஹில்மிக்கு,

நஹ்லா நலம். உங்கள் மூக்கு. வேறு குறை இல்லை.

கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "மாப்பிள்ளை வண்டி வாங்கினாரா, இல்ல வண்டி மாப்பிள்ளைய வாங்கிடுச்சா?" என்றார். நான் உங்களை விட்டுக்கொடுக்கவில்லை. சிரிக்க மட்டும் செய்தேன்.

சலவை இயந்திரம் வந்த வாரம், அது பார்த்துக்கொள்ளும் என்று கூடத்துக் கம்பளத்தை உள்ளே திணித்தீர்கள். கீழ்வீட்டுக் கூரை இன்னும் ஈரமாக இருக்கிறது.

திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவரிடம் என் குழந்தையைக் கொடுக்க மாட்டேன். ரயிலிலும் வர மாட்டேன். வந்தால் என்றைக்காவது அவளைத் தூக்கி அந்த வண்டியில் வைப்பீர்கள். நீங்கள் சாலையைப் பார்த்து ஓட்டுவீர்கள் என்று நம்பிக்கை வரும்வரை நாங்கள் இங்கேதான்.

நஜ்வா


ஷுப்ரா
நவம்பர் 17

நஜ்வா,

உட்கார்ந்துகொண்டு படி.

பய்யூமியை நிறுத்தி மூன்று முறை காட்டியாகிவிட்டது. நான்காம் முறை, வேகம் பிடித்ததும் இரண்டு காலையும் சீட்டின் மேல் மடித்துக்கொள்வதாகக் காப்பிக்கடையில் அறிவித்திருந்தேன். அன்று காலை வண்டியை முதல் சர்வீசுக்கு விட்டேன். பட்டறை இன்ஜினியர் ராவியா என்று ஒரு பெண்; வருகிறவர்களை எல்லாம் மரியாதையாக 'பாஷா' என்று அழைக்கிறவள். ஆரஞ்சு விளக்கு எப்போதிலிருந்து எரிகிறது என்று கேட்டாள். எப்போதும் என்றேன், பெருமையாக.

"முன்கண்ணாடியில இருக்கற கேமராவுக்குக் கண் தெரியலைன்னு அர்த்தம், பாஷா. இந்த நீலக்கண் படத்தைச் சரியா அது மேலயே ஒட்டியிருக்கீங்க. வாங்கின நாள்லேர்ந்து இது குருடு."

ஒட்டியது என் அம்மா. கண்ணேறு படக்கூடாதென்று.

"அப்ப மூணு தடவை நிறுத்தினது யாரு?"

"உங்க கால்தான், பாஷா. அதுக்கு மட்டும் யாரும் எதையும் ஒட்டலை."

பய்யூமியிடம் சொன்னேன். கத்தியை வைத்துவிட்டு, தொங்கும் ஆட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

படத்தை எடுக்கட்டுமா என்று ராவியா கேட்கிறாள். எடுத்தால் இனி நிஜமாகவே தானே நிற்கும். அதன் பிறகு நான் எப்படி ஓட்டுவேன் என்று நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. நீ சொல். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு வந்தேன்.

ஹில்மி


தமன்ஹூர்
நவம்பர் 20

அன்புள்ள ஹில்மிக்கு,

ராவியாவோடு போனில் பேசினேன். உங்கள் போனைத்தான் நான் எடுப்பதில்லை.

படத்தை எடுத்துவிடுவாள். உங்கள் அம்மா வருத்தப்பட்டால் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளட்டும். அதன் பிறகு தானே நிறுத்தும் அந்த இயந்திரத்தை இயக்கி வைப்பதா, அணைத்து வைப்பதா என்பதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்ல மாட்டேன். விளக்கின் மேல் கறுப்பு நாடா ஒட்டியிருக்கும். நீங்கள் அதை உரித்துப் பார்க்கும் அன்று நானும் நஹ்லாவும் மறுபடி தமன்ஹூர் ரயிலில் இருப்போம்.

பெட்டி கட்டியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வாருங்கள். செருப்பு வேண்டாம், பிரேக் மிதிக்க நல்ல ஷூவாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

உங்கள்
நஜ்வா