மலக்கியின் முதல் 'வேண்டாம்'

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். அயர்லாந்தின் மேற்கே, எங்கள் மேயோ மாவட்டத்தில் இதை மழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'மெத்தென்ற நாள்' என்பார்கள். முதியோர் இல்லத்து மேட்ரன் டெவனிக்கு இந்த மாதிரிப் பேச்சுத்தான் வேண்டுமாம். "டீச்சர், வேலைக்குப் புதுசா வந்த பிள்ளைங்களுக்கு நம்ம ஆளுங்க பேசறது ஒண்ணும் புரியல. ஒரு பக்கம் எழுதித் தர்றீங்களா?" என்றார். மணிலாவிலிருந்தும் ஹராரேயிலிருந்தும் வந்த ஐந்து பேர். முப்பத்தெட்டு வருடம் வகுப்பெடுத்தவளிடம் ஒரு பக்கம் கேட்டால் மூன்று பக்கம் கிடைக்கும்.

தம்பி மலக்கியும் அங்கேதான் இருக்கிறான், இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து. மார்ச் 12 அன்று டாக்டர் பார்ப்பார். உடம்பு தேறியிருந்தால் வீட்டுக்கு வருவான். இல்லையென்றால் அந்தக் கட்டில்தான் அவனுக்குக் கடைசிவரை. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இப்போது நான் மட்டும்.

பிப்ரவரி 5, வியாழன்

எழுதி முடித்தேன். நாற்பது சொற்கள், உதாரணங்களோடு.

'உன் ஆளு': உனக்கு அவனைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சாலையில் போகிற எவனும் உன் ஆளுதான்.

'யோக்': பெயர் வாயில் வராத எந்தப் பொருளும். டிவி ரிமோட், ஊன்றுகோல், பிஷப்பின் தொப்பி.

'கிராண்ட்': 'நல்லாத்தான் இருக்கு' என்று பொருள். எதைக் கேட்டாலும் சொல்லலாம். கால் ஒடிந்தவனும் சொல்வான்.

போனை வைக்கும்போது ஏழெட்டு முறை 'பை' சொல்ல வேண்டும். ஒரே ஒருமுறை சொன்னால் ஏதோ கோபம் என்று நினைத்து, மறுநாள் வீட்டுக்கே வந்துவிடுவார்கள்.

எழுதும்போது தனியாகச் சிரித்தேன். இந்த வயதிலும் பாடம் தயாரிக்க ஒரு வாய்ப்பு கிடைத்ததே.

பிப்ரவரி 12, வியாழன்

மலக்கியைக் கவனித்துக்கொள்ளும் பெண் மாரிவிக், மணிலாக்காரி. நாற்பதும் மனப்பாடம். "உங்க யோக் கீழ விழுந்திருச்சு, மலக்கி" என்று கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று.

பிப்ரவரி 17, செவ்வாய்

மலக்கி மூன்று கிலோ எடை குறைந்திருக்கிறான்.

மேட்ரன் ஃபைலைக் காட்டினார். டோஸ்ட் – மறுத்தார். வலி மாத்திரை – மறுத்தார். நடைப் பயிற்சி – மறுத்தார். பக்கம் பக்கமாக அதேதான்.

"ஏன் மலக்கி சாப்பிட மாட்டேங்கறே?"

"கிராண்டாத்தான் இருக்கேன். நீ வேற."

பிடிவாதமா? இல்லை, போதும் என்று தீர்மானித்துவிட்டானா? இப்படியே போனால் எந்த டாக்டர் அவனை வீட்டுக்கு விடுவார்?

பிப்ரவரி 20, வெள்ளி

இன்று தேநீர் வண்டி வரும் நேரத்தில் அவன் அருகில் இருந்தேன்.

"டோஸ்ட் வேணுமா, மலக்கி?" – மாரிவிக்.

"ஐயோ வேணாம்மா. உனக்கெதுக்குச் சிரமம்."

"சரி, மலக்கி." பணிவாகத் தலையசைத்துவிட்டுப் போனாள்.

மலக்கியின் கண்கள் நடைக்கூடத்தின் கடைசிவரை அந்த வண்டியின் பின்னாலேயே போயின. பசித்த கண்கள்.

எனக்கு முகம் சுட்டது. எங்கள் வீடுகளில் முதல் 'வேண்டாம்' வெறும் மரியாதை. இரண்டாவது, கேட்பவர் மனதாரத்தான் கேட்கிறாரா என்று பார்ப்பதற்கு. மூன்றாவது முறை கேட்டால்தான் பதில் வரும். முதல் தடவையிலேயே கேக்கை வாங்கியதற்காக அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் எனக்கு இன்னும் தெரியும். நாற்பது சொல் எழுதினேனே, இதை ஏன் எழுதவில்லை? தோன்றவே இல்லை. மூச்சு விடுவது எப்படி என்று யாராவது எழுதுவார்களா?

என் தம்பி மரியாதையாகப் பட்டினி கிடந்திருக்கிறான்.

பிப்ரவரி 21, சனி

மாரிவிக்கிடம் சொன்னேன். அவள் பயந்துபோனாள்.

"டீச்சர், பயிற்சியில முதல் நாளே சொன்னாங்க. வேணாம்னா வேணாம், அது அவங்க உரிமை. திரும்பத் திரும்பக் கேட்டா வற்புறுத்தறதாயிடும். என் வேலை போயிடும்."

அவள் சொன்னதும் நியாயம்தான். வாயைத் திறக்கச் சொல்லி உணவு திணிக்கப்பட்ட முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த விதி சும்மா வந்ததல்ல.

இருவருமாக மேட்ரனிடம் போனோம். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "நானும் இந்த ஊர்க்காரிதானே. எனக்கும் உறைக்கல பாருங்க. கேக்கறது வேற, திணிக்கறது வேற. மூணு தடவை கேளும்மா. மூணாவது பதிலை எழுது."

"மூணாவதும் வேணாம்னா?"

"அப்ப அது வேணாம்தான்."

பிப்ரவரி 24, செவ்வாய்

இரண்டு டோஸ்ட், ஆரஞ்சு ஜாமோடு. வலி மாத்திரையும் போட்டுக்கொண்டான். வலி அடங்கியதும் ஜன்னல்வரை நடந்தான்.

மார்ச் 3, செவ்வாய்

ஒன்றரை கிலோ ஏறியிருக்கிறது. கஞ்சியை மட்டும் மூன்று முறையும் மறுத்தானாம்; அது நிஜமான மறுப்பு, ஃபைலில் ஏறிவிட்டது. மாரிவிக் சொன்னாள்: "இன்னிக்கு நான் கேக்கறதுக்கு முன்னாடி அவரே கேட்டார் டீச்சர், 'ஏம்மா லேட்டு, வண்டிக்குப் பஞ்சரா'ன்னு."

ஏழாயிரம் மைல் தாண்டி வந்த ஒரு பெண், ஒரு டோஸ்டுக்காக மூன்று முறை குனிந்து கேட்கிறாள். நன்றி என்ற சொல் அதற்குப் போதவில்லை.

மார்ச் 12, வியாழன்

உள்ளபடியே எழுதிவிடுகிறேன்.

டாக்டர் லாவெல், டப்ளின்காரர், வயதில் சின்னவர். "நல்லாத் தேறியிருக்கீங்க. ஆனா வீட்ல ஆள் துணை வேணும். போக ஆசையா, மலக்கி?"

"எங்க வெச்சாலும் சரி டாக்டர். யாருக்கும் தொந்தரவா இருக்கக்கூடாது."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு எழுபத்தேழு. அவனைத் தூக்கி உட்காரவைக்க என்னால் ஆகுமா, விழுந்துவிட்டால் என்ன செய்வேன் என்று ஒரு வாரமாகத் தூக்கமில்லை. அவன் சொன்ன அந்த 'எங்க வெச்சாலும் சரி' எனக்கு வசதியாக இருந்தது. இவ்வளவும் தெரிந்த எனக்கு.

டாக்டர் எழுதக் குனிந்தார். சக்கர நாற்காலிக்குப் பின்னால் நின்ற மாரிவிக் கேட்டாள்: "மலக்கி, வீட்டுக்குப் போகணுமா?"

"இங்கயும் நல்லாத்தானே பாத்துக்கறீங்க."

அவள் மறுபடி கேட்கவில்லை. என்னைப் பார்த்தாள். மூன்றாவது முறை கேட்க வேண்டியவள் நான்.

"வீட்டுக்கு வா மலக்கி. ஒப்புக்குக் கேக்கல."

தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "உனக்கு ரொம்பச் சிரமம் இல்லன்னா… வரணும், நுவாலா. தினமும் அதைத்தான் நினைச்சிட்டிருந்தேன்."

டாக்டர் பேனாவைக் கையில் பிடித்தபடி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தப் பதிலை எழுதினார்.

மார்ச் 13, வெள்ளி

பயம் போகவில்லை. இருந்தாலும் நன்றாகத் தூங்கினேன். தினமும் காலையில் வீட்டுக்கு ஒரு பெண் வந்து உதவ மேட்ரன் ஏற்பாடு செய்திருக்கிறார். நான் கேட்கவே இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

பக்கத்துப் பண்ணைக் கிறிஸ்டி எங்கள் வீட்டு வேலியோரம் நின்றான். மலக்கி நடைச்சட்டத்தோடு வாசல் கேட்வரை போயிருந்தான்.

"சாப்பாடெல்லாம் எப்படி?" – கிறிஸ்டி.

"என்னத்தச் சொல்ல. அங்க டோஸ்ட் கருகாது."

சமையலறை ஜன்னல் திறந்திருப்பது மலக்கிக்குத் தெரியும். கருகியதைச் சுரண்டிப் போட்டுவிட்டு இன்னும் இரண்டு துண்டு வைத்தேன்.