கண் தெரிகிறவளின் வழிகாட்டி நாய்

4 நவம்பர் 1997, செவ்வாய்

மூடுபனி. கையுறையை பஸ்ஸில் விட்டுவிட்டேன்.

புரூனோவோடு சூப்பர்மார்க்கெட். வாசலிலேயே மறிப்பு. மனேஜர் நாயின் சேணத்தைப் பார்த்தார், பிறகு என் கண்ணைப் பார்த்தார். “பார்வையில்லாதவர் எங்கே?” அவர் வீட்டில், பழக்குவது நான் என்றேன். அவரோடு வந்தால் வழிகாட்டி நாயாம், என்னோடு வந்தால் வெறும் நாயாம். கடைக்குள் விடாமல் கடையை எப்படிப் பழக்குவது? கேட்டேன். தோளைக் குலுக்கினார். எருமை.

அடுத்த கிழமை பரீட்சை. நெருக்கமான கடைக்குள் நடக்கவேண்டும். தவறினால் புரூனோவை யாருக்காவது வீட்டு நாயாகக் கொடுத்துவிடுவார்கள். அவனுக்காகக் காத்திருக்கும் கண் தெரியாத அம்மா, ஃபிராவ் கெல்லர், பழைய நாய் செத்த பிறகு தனியே வெளியில் போனதில்லை. இன்றும் ஃபோன்: “புரூனோ சாப்பிட்டானா?” நான் சாப்பிட்டேனா என்று மனுசி ஒருநாளும் கேட்டதில்லை.

வாங்க: உள்ளி, பால், கையுறை.

5 நவ., புதன்

தூறல். என் கண்ணைக் கட்டி, மேலே கறுப்புக் கண்ணாடி. ஸ்டேஷன் வரை புரூனோ கூட்டிப்போனான். நாய் பழக்கும் பள்ளியின் முதலாளி பின்னாலேயே. நாயை நம்புகிறோமா என்று எங்களுக்கே வைக்கும் சோதனை இது. ஒரு தூணிலும் முட்டவில்லை.

பின்னேரம் ராசாத்தி அக்காவின் ஃபோன். ஸ்டேஷனில் என்னைக் கண்டாவாம். ஒரே அழுகை.

“எப்பயிருந்து பிள்ளை கண் தெரியாது? ஏன் சொல்லேல்லை?”

“ஐயோ அக்கா, எனக்குக் கண் வடிவாத் தெரியும். அது வேலை.”

“மறைக்காதையும். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

சொல்லமாட்டாவாம். விடிந்தால் ஸ்டுட்கார்ட் முழுக்கத் தெரியும்.

7 நவ., வெள்ளி

தெரிந்துவிட்டது. செல்வம் அண்ணையின் தமிழ்க் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனேன். உள்ளே சாமிப்படம், நாய்க்கு இடமில்லை. வழக்கம்போல வாசலில் கட்டக் குனிந்தேன். அண்ணை ஓடிவந்து கதவைத் திறந்தார்.

“கட்டாதையும் பிள்ளை. இனி அவன்தானே உமக்குக் கண். ரெண்டு பேரும் வாங்கோ.”

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளே அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஓராள் போகும் வழி. கருவாட்டுப் பெட்டி சரியாக நாய் மூக்கின் உயரத்தில். வாயை மூடினேன். கண்ணையும் மூடினேன். புரூனோ கருவாட்டை மணந்துகூடப் பார்க்கவில்லை. சந்தோஷம் தாங்கவில்லை.

அண்ணை என் கையைத் தேடிப் பிடித்துக் கறிவேப்பிலையை வைத்தார். அப்போதுதான் வெட்கமாகப் போனது.

8 நவ., சனி

காலையில் போய்ச் சொன்னேன்.

“அப்ப நேற்று நடிச்சனீரோ?”

“ஓம் அண்ணை. வேறை ஒரு கடையிலையும் விடயில்லை.”

“சாமிப்படத்துக்கு முன்னாலை நாயைக் கொண்டுவந்து! நான் உமக்காக நேர்த்தி வைச்சிட்டு நிக்கிறன்!”

ஃபிராவ் கெல்லர் வீட்டுக்குள்ளேயே கிடப்பதைச் சொன்னேன். பரீட்சையைச் சொன்னேன். வெளியே போகச் சொன்னார். போனேன். கோபம் அவர் மேல் இல்லை.

சமைக்கவில்லை. பாணும் சம்பலும்.

10 நவ., திங்கள்

குளிர். காலையில் அண்ணையின் ஃபோன்.

“நாளைக்குக் கடை திறக்க முதல் வாரும். ஆக்கள் கண்டால் ஒரு வாழைப்பழமும் வாங்காயினம்.”

“நாயோடையோ அண்ணை?”

“பிறகு பூனையோடையோ?”

11 நவ., செவ்வாய்

சாமிப்படம் பின்னறையில். அண்ணையே கருவாட்டுத் துண்டொன்றைத் தரையில் போட்டுப் பார்த்தார். புரூனோ தாண்டிப் போனான். “என்ரை பிள்ளையளே சொல்லுக் கேக்காதுகள்” என்றார். நாளைக்கும் வரட்டாம்.

14 நவ., வெள்ளி

பாஸ்! முதலில் அண்ணைக்கு ஃபோன் அடித்துச் சொன்னேன். ஃபிராவ் கெல்லர் ஃபோனில் விக்கி விக்கி அழுதார். நானும்.

11 டிச., வியாழன்

ஸ்னோ. புது நாய் லோற்றாவோடு அதே சூப்பர்மார்க்கெட். அதே மனேஜர், அதே மறிப்பு. வாசலில் நின்றேன்.

ஃபிராவ் கெல்லரும் புரூனோவும் வந்தார்கள். தனியாக. மனேஜர் சிரித்துக்கொண்டு கதவைத் திறந்து பிடித்தார். புரூனோ என் காலை உரசிக்கொண்டு போனான். என் மணம் அவனுக்குத் தெரியாமல் இருக்காது. தலையைத் திருப்பவில்லை. வால்கூட ஆடவில்லை. நான் பழக்கியது அப்படித்தான்.

கதவு சாத்திக்கொண்டது. லோற்றா அதைச் சுரண்டினாள். சுரண்டட்டும் என்று விட்டேன்.